சர்வீஸ் ரெக்கார்டில் பிழை: எந்தக் கதவை முதலில் தட்டுவது?

போன மாதம் ராணுவத்தில் நாயக் ரேங்கில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் பழைய ரெக்ஸின் பையோடு வீட்டுக்கு வந்தார். மனைவியின் பெயர் பென்ஷன் பதிவில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. ஏழு மாதமாக மூன்று இடங்களுக்கு எழுதியிருக்கிறார். மூன்றிலிருந்தும் பதில் வந்திருந்தது. ஒவ்வொன்றும் மற்ற இரண்டைக் கைகாட்டியது. “தம்பி, இதை யாருதான் திருத்துவா?” என்றார்.

கடிதங்களை வாங்கிப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார். அனுப்பிய இடம்தான் தப்பு.

நான் 24 வருஷம் ராணுவத்தில் கிளார்க். கல்யாணம், குழந்தை, பதவி உயர்வு, பதக்கம் என்று ஜவான்களின் வாழ்க்கையை ‘பார்ட் டூ ஆர்டர்’ என்ற பதிவு உத்தரவாகத் தட்டச்சு செய்து அனுப்பிய கூட்டத்தில் ஒருவன். மறுநாள் ஆடிட் என்ற பயத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு அடித்த பெயர்களில் எத்தனை எழுத்து நழுவியதோ! அதில் ஒன்றால் இன்று எங்கோ ஓர் அம்மா அலைந்துகொண்டிருக்கலாம். அதனால் இதை எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் பிராயச்சித்தமும் இருக்கிறது.

சர்வீஸ் ரெக்கார்டைத் திருத்த இன்று ஆறு வழிகள் பேசப்படுகின்றன. ஸ்பர்ஷ் என்ற ஓய்வூதியத் தளத்தில் கோரிக்கை போடுவது, ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுவது, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புவது, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை மனு) போடுவது, மத்திய அரசின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் கொடுப்பது, கடைசியாக ஆயுதப்படைத் தீர்ப்பாயம் (ஏஎஃப்டி). வாட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரசிகர் மன்றமே உண்டு. ஒருவர் “நேரா ஏஎஃப்டிக்குப் போங்க” என்பார், இன்னொருவர் “ஒரு ஆர்டிஐ தட்டுங்க, நடுங்கிடுவாங்க” என்பார். அவரவருக்குப் பலித்த மருந்தை அவரவர் சொல்கிறார்கள். நோய் ஒன்றா என்று யாரும் கேட்பதில்லை.

பிழை பிறந்த இடம்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு தாள்களைத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வையுங்கள்: டிஸ்சார்ஜ் புக் (ராணுவத்தை விட்டு வரும்போது தந்த புத்தகம்), பிபிஓ என்ற ஓய்வூதிய உத்தரவு (பிறகு வந்த திருத்த பிபிஓக்கள் எல்லாமும்), ஸ்பர்ஷ் பக்கத்தின் பிரிண்ட், ஆதார். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர், அவர் பிறந்த தேதி, ஆர்மி நம்பர், ரேங்க், சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆர்மி நம்பரின் கடைசியில் வரும் ஆங்கில எழுத்தையும் விடாதீர்கள். அது அலங்காரத்துக்கு இல்லை. நம்பர் சரியாக எழுதப்பட்டதா என்று சோதிக்க வைத்த எழுத்து அது.

இப்போது பிழை எந்தத் தாளில் தொடங்குகிறது என்று தெரியும். டிஸ்சார்ஜ் புக்கும் பிபிஓவும் சரி, ஸ்பர்ஷில் மட்டும் தவறு என்றால் பழைய தாளிலிருந்து கணினிக்கு ஏற்றும்போது வந்த பிழை. டிஸ்சார்ஜ் புக் சரி, பிபிஓ தவறு என்றால் பென்ஷன் காகிதம் தயாரான கட்டத்தில் நேர்ந்தது. டிஸ்சார்ஜ் புக்கிலேயே தவறு என்றால், நீங்கள் சர்வீஸில் இருந்தபோது வெளியான பார்ட் டூ ஆர்டரிலோ, ஆள்சேர்ப்பு நாளில் நிரப்பிய படிவத்திலோ பிழை இருக்கிறது.

இந்த மூன்றும் ஒரே வாய்க்கால்தான். பார்ட் டூ ஆர்டர் மடை, பிபிஓ நடு வாய்க்கால், ஸ்பர்ஷ் கடைமடை. மடையில் கலங்கிய தண்ணீரைக் கடைமடையில் நின்று வடிகட்ட முடியாது. நாயக் அண்ணனின் மூன்று கடிதங்களும் கடைமடைக்கும் நடு வாய்க்காலுக்கும் போனவை. அவர்களும் பொய் சொல்லவில்லை. ‘எங்களிடம் வந்தது இப்படித்தான் வந்தது’ என்று எழுதியிருந்தார்கள். அது உண்மைதான்.

ரெக்கார்டைத் திருத்துவதா, ஆதாரைத் திருத்துவதா?

பலர் யோசிக்காமல் விடும் கேள்வி இது. நம் ஊர்ப் பெயர்களுக்கு ராணுவத்தில் நடக்கும் கூத்து தனி. இனிஷியலை விரித்து எழுது என்பார்கள், அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிடும். வடக்கிலிருந்து வந்த கிளார்க் ‘ழ’வைக் கேட்டு ‘ல’ என்று எழுதுவான். அண்ணனின் மனைவி பெயரைத் தமிழ்ச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். ரெக்கார்டில் ‘எல்’ போட்டு இரண்டு சொல்லாக இருக்கிறது. ஆதாரில் ‘இசட் ஹெச்’ போட்டு ஒரே சொல். மனிதக் கண்ணுக்கு இருவரும் ஒருவரே. கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள்.

என் கணக்கு எளிமையானது. பள்ளிச் சான்றிதழ், பேன் கார்டு, வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை எல்லாம் ரெக்கார்டோடு ஒத்துப்போய், ஆதார் மட்டும் தனியாக நின்றால் ஆதாரைத் திருத்துங்கள். பக்கத்து ஆதார் மையத்தில் முடியும் வேலை. ஒன்று நினைவிருக்கட்டும்: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற விடுவார்கள். அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்க வேண்டாம். மாறாக, எல்லாத் தாள்களும் ஆதாரோடு ஒத்துப்போய் ரெக்கார்டு மட்டும் தனித்து நின்றால் ரெக்கார்டைத்தான் திருத்த வேண்டும். ஆதாரை ரெக்கார்டுக்கு ஏற்ப வளைத்தால் அப்புறம் பேன், வங்கி, பத்திரம் என்று ஒவ்வொன்றாக வளைக்க வேண்டி வரும்.

உங்கள் சொந்தப் பிறந்த தேதி மட்டும் தனி ரகம். சேர்ந்தபோது எழுதிய தேதியை ஓய்வு பெறும் தறுவாயிலோ அதற்குப் பிறகோ மாற்றிக் கேட்டால் நீதிமன்றங்கள் காது கொடுப்பதில்லை. உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லிவிட்டது. அந்த வழியில் பணத்தைச் செலவழிக்காதீர்கள். மனைவியின் பிறந்த தேதி அப்படி அல்ல. அதைத் திருத்தலாம், திருத்தியும் ஆக வேண்டும். குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கு 80 வயதில் 20 சதவீதம், 85இல் 30, 90இல் 40, 95இல் 50, 100 வயதில் நூறு சதவீதம் என்று கூடுதல் தொகை ஏறுகிறது. ரெக்கார்டில் அவர் வயதை ஐந்து வருஷம் குறைத்து எழுதியிருந்தால், 80 வயதில் வர வேண்டியது 85இல்தான் வரும்.

ஸ்பர்ஷ்: கடைமடைக்கு மட்டும்

பாதுகாப்புக் கணக்குத் துறை நடத்தும் ஓய்வூதியத் தளம் இது. உள்ளே நுழைந்து விவரத்தைச் சரிபார்க்கலாம், திருத்தக் கோரிக்கை போடலாம். கைபேசி பழக்கம் இல்லாதவர்களுக்குப் பொதுச் சேவை மையங்களும் சில வங்கிக் கிளைகளும் உதவுகின்றன. பிழை தளத்தில் மட்டும் என்றால் இதைவிட வேகமான வழி இல்லை. பிபிஓவின் நகலை இணைத்தால் போதும். வங்கிக் கணக்கு, முகவரி, கைபேசி எண் எல்லாம் இங்கேதான்.

ஓடிபியை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். ‘நான் முடிச்சுத் தர்றேன் சார்’ என்று வருகிறவர் உங்கள் பேட்டைக்காரராகவே இருந்தாலும் சரி.

ரெக்கார்ட்ஸுக்கு நேராக எழுதுவது

மடை அங்கேதான் இருக்கிறது. ஜேசிஓக்கள் (இளநிலை அதிகாரிகள்), ஜவான்களின் சர்வீஸ் ஆவணங்கள் அந்தந்த ரெஜிமெண்ட் அல்லது கோரின் ரெக்கார்ட்ஸில் இருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டன், எம்இஜிக்கு பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக், இஎம்இக்கும் ஆர்ட்னன்ஸுக்கும் செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்டில் உள்ள பியூரோ ஆஃப் செய்லர்ஸ், விமானப்படையினருக்கு டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீஸ். அதிகாரிகளுக்கு டெல்லி ராணுவத் தலைமையகம், அது வேறு உலகம்.

ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சியில் (பாதுகாப்புக் காவல் படை) சேர்ந்து இரண்டாவது பென்ஷன் வாங்குகிறவர்கள் இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடுவார்கள். உங்களுக்கு இரண்டு நம்பர், இரண்டு ரெக்கார்ட்ஸ். பழைய ரெஜிமெண்ட்டில் மனைவி பெயரைத் திருத்தினால் கண்ணூரில் உள்ள டிஎஸ்சி ரெக்கார்ட்ஸில் தானாக மாறாது. இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும்.

சர்வீஸில் இருந்தபோது யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரை, நீங்கள் வெளியே வந்த பிறகு ரெக்கார்ட்ஸே வெளியிடும். அதை வைத்து பிபிஓவுக்குத் திருத்தம் போகும், அங்கிருந்து ஸ்பர்ஷுக்குப் போகும். பெயர் அல்லது பிறந்த தேதித் திருத்தத்துக்குப் பெரும்பாலும் கேட்பவை: கணவன் மனைவி இருவரும் சேர்ந்து முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் முன் கொடுத்த பிரமாணப் பத்திரம், ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு தமிழ் நாளிதழ் என இரண்டில் விளம்பரம், ஆதார், பேன், பள்ளிச் சான்று, டிஸ்சார்ஜ் புக், பிபிஓ நகல்கள். பெயரையே முழுதாக மாற்றுவதாக இருந்தால் அரசிதழ் அறிவிப்பும் தேவைப்படும். எழுத்துப் பிழைக்கும் பெயர் மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடிதத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ‘என் மனைவி பெயரை மாற்றக் கோருகிறேன்’ என்று எழுதினால் உங்களை அரசிதழுக்கு அனுப்புவார்கள். ‘பதிவில் உள்ள எழுத்துப் பிழையைத் திருத்தக் கோருகிறேன், இருவரும் ஒருவரே’ என்றால் கோப்பு வேறு மேசைக்குப் போகும். கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

இந்த வழியின் பலவீனம் மௌனம். பதில் தர வேண்டிய கெடு என்று உங்கள் கையில் எதுவும் இல்லை. அதனால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் தீர்ப்பாயம் போக நேர்ந்தால் அந்தச் சின்னத் தாள்தான் உங்கள் தேதிக்குச் சாட்சி. கடிதம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம். இரண்டாம் பக்கத்தில் 1971 போர் நினைவுகள் வேண்டாம். எனக்கும் படிக்க ஆசைதான், ஆனால் அந்த மேசையில் இருப்பவனுக்கு நேரமில்லை.

வெலிங்டன் போன்ற பக்கத்து ஊர் என்றால் நேரில் போவது நல்லது. ஜபல்பூருக்கு ரயில் ஏறச் சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குப் பதில் ராணுவம் அவ்வப்போது நடத்தும் முன்னாள் ராணுவத்தினர் பேரணிகளைக் கவனியுங்கள். ரெக்கார்ட்ஸ் ஆட்கள் அங்கே மேசை போட்டு உட்காருவார்கள். ஆறு மாதக் கடிதப் போக்குவரத்து சில சமயம் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அல்லது எந்தத் தாள் குறைகிறது என்றாவது தெரியும்.

மாவட்ட அலுவலகம் வழியாக

சைனிக் போர்டு என்று நாம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மாநில அரசின் கீழ் வருவது. அங்கே உங்கள் ராணுவ ஆவணம் இல்லை. திருத்தும் அதிகாரமும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த உதவி இயக்குநரிடம் சண்டை போடும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர் என்ன செய்வார்?

ஆனாலும் கணவரை இழந்தவர்களுக்கும், ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும் நான் முதலில் காட்டும் கதவு இதுதான். விண்ணப்பத்தை எழுத உதவுவார்கள், சான்றொப்பம் போடுவார்கள், அலுவலக எண்ணும் முத்திரையும் வைத்து அனுப்புவார்கள். தனி மனிதரின் கடிதத்துக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் ரெக்கார்ட்ஸ் தரும் மரியாதை வேறு. ஆட்சியர் தலைமையில் நடக்கும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் கொடுத்த மனுவுக்கு இன்னும் கொஞ்சம் சூடு உண்டு. குறை என்னவென்றால் ஒரு கை கூடுகிறது, அதனால் தாமதமும் கூடுகிறது. தானாக எழுதத் தெரிந்தவர் ரெக்கார்ட்ஸுக்கு நேராக எழுதி, நகலை மட்டும் இவர்களுக்கு அனுப்பினால் போதும்.

ஆர்டிஐ டார்ச் லைட்தான்

ரெக்கார்டைத் திருத்தும் கருவி ஆர்டிஐ அல்ல. ‘ஏன் திருத்தவில்லை?’, ‘உடனே திருத்துங்கள்’ என்றெல்லாம் அதில் எழுதினால் ‘நீங்கள் கேட்டது தகவல் அல்ல’ என்று ஒரு வரிப் பதில் வரும், கேட்டவர் மனம் உடைந்துபோவார். 2005 சட்டம் உங்களுக்குத் தருவது, அவர்களிடம் இருக்கும் தாளின் நகலைப் பார்க்கும் உரிமை. அதற்கு மேல் இல்லை.

அது சின்ன விஷயமும் அல்ல. 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 6(3) பிரிவு சொல்கிறது. நாயக் அண்ணனின் கடிதங்கள் அனுபவித்த பந்தாட்டம் இங்கே நடக்காது. அவருக்காக நாங்கள் கேட்டது ஒன்றே ஒன்று: 1989இல் திருமணத்துக்காக வெளியான பார்ட் டூ ஆர்டரின் நகல். வந்தது. அதில் இருந்தது ‘எல்’. யூனிட் கிளார்க் அன்று அடித்த அந்த ஓர் எழுத்துதான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஊர் சுற்றியிருக்கிறது.

ஆகவே பிழை எங்கே பிறந்தது என்று நான்கு தாள்களைப் பார்த்தும் புரியாவிட்டால் ஆர்டிஐ முதல் படி. புரிந்துவிட்டால் அது தேவையில்லாத ஒரு மாதத் தாமதம். இன்னொன்று, விண்ணப்பம் ஓய்வூதியர் பெயரிலேயே போகட்டும். மனைவியோ மகனோ கேட்டால் பிறருடைய தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் இருக்கிறது.

ஓய்வூதியம் இல்லாமல், சில வருஷம் மட்டும் பணியாற்றிவிட்டு வந்தவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. அவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அப்புறம் எஞ்சுவது ‘லாங் ரோல்’ என்ற சுருக்கப் பதிவேடு மட்டுமே. உங்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக் சில சமயம் நாட்டிலேயே ஒரே பிரதியாக இருக்கும். கறையானுக்கு விடாதீர்கள்.

குறைதீர்ப்புத் தளம்

சிபிகிராம்ஸ் என்ற இந்தத் தளத்தில் முன்னாள் படைவீரர் நலத் துறையைத் தேர்ந்தெடுத்துப் புகார் போடலாம். கட்டணம் இல்லை. 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல்படி 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும். சுற்றிச் சுற்றி அந்தப் புகாரும் கடைசியில் உங்கள் ரெக்கார்ட்ஸ் மேசைக்குத்தான் வருகிறது, என்ன, மேலிருந்து வருகிறது. விண்ணப்பம் முழுமையாகக் கொடுத்தும் மூன்று நான்கு மாதம் கிடக்கிறதா, இது நல்ல தார்க்கோல். ஆவணமே கொடுக்காமல் முதல் அடியாக இதைப் போட்டால் ‘விண்ணப்பதாரர் ஆவணங்களை அனுப்பும்படி அறிவுறுத்தப்பட்டார்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். கெடுவும் காப்பாற்றப்பட்டது, உங்கள் பிழையும் காப்பாற்றப்பட்டது.

தீர்ப்பாயம்

ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007இல் வந்தது, தீர்ப்பாயம் 2009இல் செயல்படத் தொடங்கியது. நமக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. வழக்கறிஞர் வைத்தும் வாதாடலாம், தானாகவும் நின்று பேசலாம்.

உள்ளே போக முதலில் மற்ற வழிகளை முடித்திருக்க வேண்டும். உங்கள் மனுவுக்கு இறுதி உத்தரவு வந்திருக்க வேண்டும், அல்லது மனு கொடுத்து 6 மாதம் பதிலே இல்லாமல் போயிருக்க வேண்டும். ஸ்பீட் போஸ்ட் ரசீதுக்கு நான் ஏன் அவ்வளவு அழுத்தம் கொடுத்தேன் என்று இப்போது புரியும். மறுத்து உத்தரவு வந்தால் அந்தத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் வழக்கு போட வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கு உண்டு.

எழுத்துப் பிழைக்கு இங்கே வராதீர்கள். மூன்று வகை வழக்குகளுக்கு இது சரியான இடம். முதலாவது, பதிவில் உள்ள தகவலின் உண்மையையே ரெக்கார்ட்ஸ் ஏற்க மறுக்கும்போது. காயம் போர்க்களத்தில் பட்டதா, சாதாரண விபத்தா என்ற வகைப்பாடு அப்படிப்பட்டது. ‘பேட்டில் கேஷுவல்ட்டி’ என்று எழுதுவதற்கும் ‘ஃபிஸிகல் கேஷுவல்ட்டி’ என்று எழுதுவதற்கும் நடுவே ஒரு குடும்பத்தின் பென்ஷனே அடங்கியிருக்கிறது. இரண்டாவது, டிஸ்சார்ஜ் எந்தக் காரணத்தால் என்று எழுதப்பட்டிருப்பதை எதிர்ப்பது. மூன்றாவது, ஊனம் பணியால் வந்தது அல்ல என்ற மருத்துவக் குறிப்பு. இதற்கு முதல் மேல்முறையீடு என்று துறைக்குள்ளேயே தனிப் பாதை உண்டு, அதை முடித்துவிட்டு வாருங்கள். 2013இல் தர்மவீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், சேரும்போது நோய் குறிப்பிடப்படாதவர் நல்ல உடல்நிலையில் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சொன்னது. இன்றும் அந்தத் தீர்ப்பு பலருக்குக் கைகொடுக்கிறது.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008 தர்சேம் சிங் தீர்ப்பு போதும். பென்ஷன் என்பது மாதாமாதம் தொடரும் விஷயம், அதனால் தாமதமாக வந்தாலும் வழக்கைக் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் நிலுவைத் தொகையைப் பொதுவாக வழக்கு போட்ட தேதிக்கு முந்தைய 3 ஆண்டுக்கு மட்டும் என்று நிறுத்தியது. இருபது வருஷம் சும்மா இருந்துவிட்டு வருகிறவருக்குப் பதினேழு வருஷப் பணம் போச்சு.

பதக்கம்

பதக்க விஷயத்தில் மேலே சொன்ன வரிசை கொஞ்சம் மாறும். முதலில் உங்கள் கேள்வி எது என்று தெளிவாகட்டும்: பதிவில் இருக்கிறது ஆனால் கைக்கு வரவில்லை, பதிவிலேயே இல்லை, வந்தது தொலைந்துவிட்டது. தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு ரெக்கார்ட்ஸ் வழியாக மாற்றுப் பதக்கம் கேட்பது. அதோடு முடிந்தது.

பதிவில் இருந்தும் கைக்கு வராதவர்கள் ஏராளம். பதக்கத்துக்கு உரியவர் என்று பார்ட் டூ ஆர்டர் போட்டிருப்பார்கள், உலோகம் வந்திருக்காது. கடையில் நகல் வாங்கிச் சட்டையில் குத்திக்கொண்டே சர்வீஸை முடித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! இவர்களுக்கு ரெக்கார்ட்ஸுக்குக் கடிதம், பதில் இல்லையென்றால் குறைதீர்ப்புத் தளம். இரண்டே அடி.

பதிவிலேயே இல்லை என்றால் ஆர்டிஐதான் முதலில். ‘எனக்குரிய பதக்கங்களின் பட்டியலும் ஒவ்வொன்றின் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் வேண்டும்’ என்று கேளுங்கள். வந்த பட்டியலோடு உங்கள் யூனிட் எந்த வருஷம் எங்கே இருந்தது என்பதை ஒப்பிடுங்கள். 1965 என்றால் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். 1971 என்றால் கிழக்கே பூர்வி ஸ்டார், மேற்கே பஸ்சிமி ஸ்டார், கூடவே சங்ராம் மெடல். இலங்கைக்குப் போன அமைதிப்படையினருக்கு ஸ்பெஷல் சர்வீஸ் மெடலில் ‘ஸ்ரீலங்கா’ என்ற பட்டை. கார்கில் என்றால் ஆப் (ஆபரேஷன்) விஜய் ஸ்டார் அல்லது ஆப் விஜய் மெடல். 9, 20, 30 வருஷச் சேவைப் பதக்கங்கள் தனி. சுதந்திரத்தின் 25, 50, 75ஆம் ஆண்டுப் பதக்கங்கள் அந்தந்த நாளில் பணியில் இருந்தவர்களுக்கு. ஸ்டாருக்கும் மெடலுக்கும் உள்ள வித்தியாசம் நீங்கள் நின்ற இடத்தைப் பொறுத்தது. அட்டாச்மெண்ட்டில் வேறு யூனிட்டோடு போனவர்களுக்குத்தான் இங்கே அதிகம் விடுபடும். தாய் யூனிட் ஜான்சியில் இருந்திருக்கும், ஆள் கார்கில் போர்முனையான பத்தாலிக்கில் இருந்திருப்பார். உங்களை அங்கே அனுப்பிய மூவ்மெண்ட் ஆர்டரின் நகல் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இந்தப் பதக்கங்களுக்காகத் தீர்ப்பாயம் போகாதீர்கள் என்பது என் கருத்து. இவற்றோடு பணம் வருவதில்லை, வழக்குச் செலவு மட்டும் வரும். வீரப் பதக்கம் அப்படி அல்ல. 2017 ஆகஸ்ட் முதல் பரம் வீர் சக்ராவுக்கு மாதம் 20,000 ரூபாய், வீர் சக்ராவுக்கு 7,000, சௌர்ய சக்ராவுக்கு 6,000, வீரத்துக்கான சேனா மெடலுக்கு 2,000 என்று படி உண்டு. சேனா மெடல் சிறப்புச் சேவைக்கும் தரப்படுவதால், உங்கள் பதிவில் ‘கேலண்ட்ரி’ என்ற ஒரு சொல் விடுபட்டால் அந்தப் படியும் விடுபடும். இந்திய அரசிதழின் அறிவிப்பு நகல், பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் தளத்தில் உள்ள உங்கள் பெயர் இரண்டையும் வைத்து ரெக்கார்ட்ஸுக்கு எழுதுங்கள். மறுத்தால் அப்போது தாராளமாகத் தீர்ப்பாயம்.

‘எனக்கு வீரப் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை’ என்பது வேறு வழக்கு. கார்கில் போரில் பத்தாலிக் பகுதியில் 70வது காலாட்படை பிரிகேடை நடத்திய பிரிகேடியர் தேவிந்தர் சிங், போர் அறிக்கையில் தன் பங்கு குறைத்துக் காட்டப்பட்டது என்று போராடினார். 2010இல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொன்னது. அவர் வென்றது ஆவணம் பற்றிய வாதத்தை. பதக்கம் யாருக்கு என்பது அரசின் முடிவு, அதில் நீதிமன்றங்கள் கை வைக்கத் தயங்கும். ஒரு பிரிகேடியருக்கே பதினொரு வருஷம் ஆனது. ஒரு ஹவில்தாருக்கு இந்த வழியைக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

சரி, நாயக் அண்ணனுக்கு வருவோம். தமிழ்ச்செல்வி அண்ணியின் பள்ளிச் சான்று, பேன், வங்கிப் புத்தகம் எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போனதால் ரெக்கார்டைத் திருத்துவது என்று முடிவு செய்தோம். பார்ட் டூ ஆர்டர் நகல் கைக்கு வந்துவிட்டது. இருவரும் கோர்ட்டுக்குப் போய்ப் பிரமாணப் பத்திரம் வாங்கினார்கள். விளம்பரத்தின் ப்ரூஃபை நானே எழுத்தெண்ணிப் பார்த்தேன். ரெக்கார்ட்ஸுக்கு ஒரு பக்கக் கடிதம், மாவட்ட அலுவலகத்துக்கு நகல். மூன்று மாதத்தில் அசையாவிட்டால் குறைதீர்ப்புத் தளம் என்று தேதி குறித்திருக்கிறோம்.

ஸ்பீட் போஸ்ட் ரசீதை அண்ணன் சட்டைப் பையில் வைத்தார். அண்ணி அதை வாங்கி, ஜெராக்ஸ் எடுத்து, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் போட்டார். ஆறாவது மாதம் முடியும் நாளைக் காலண்டரில் தேடி வட்டம் போட்டதும் அவர்தான். “இவருக்குப் பிறகு இந்த ஆபீஸ் எல்லாம் ஏறி இறங்கப் போறது நான்தானே தம்பி” என்றார். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் ரெக்ஸின் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.